மலைக்கு ஒரு போன், கடலுக்கு ஒரு போன்: கேலக்ஸி ஏ35-ம் நார்ட் சிஇ4-ம்

அப்பாவின் போன் இந்த ஆடி மழையில் போய்விட்டது. தண்ணீரில் விழவில்லை, ரப்பர் தோட்டத்தில் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது மழை பிடித்து சட்டைப்பை நனைந்தது, அவ்வளவுதான். சர்வீஸ் கடையில் கொடுத்தபோது சிம் தட்டை உருவிவிட்டு உள்ளே டார்ச் அடித்துக் காட்டினார்கள். வெள்ளையாக இருக்க வேண்டிய குட்டி ஸ்டிக்கர் ஒன்று சிவந்து கிடந்தது. தண்ணி போயிருக்கு, வாரண்டி கிடையாது என்று திருப்பித் தந்துவிட்டார்கள். வாங்கி பதினோரு மாதம். நாலு வருஷத்தில் இப்படிப் போன மூன்றாவது பத்தாயிரம் ரூபாய் போன் அது. இனி அந்த விலையில் வாங்குவதில்லை, கொஞ்சம் கூடப் போட்டு ஒரே போனாக எடுத்துவிடுவோம் என்று ஓணத்துக்கு முன்பே முடிவு செய்தேன்.

அதே வாரம் குளச்சலில் இருக்கும் என் கல்லூரிக் கூட்டுக்காரனும் கூப்பிட்டான். விசைப்படகில் போகிறவன். "மக்கா, எனக்கும் ஒண்ணு பாத்துச் சொல்லு, உனக்குத்தான் இதெல்லாம் தெரியும்" என்றான். ஆக ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு போன் பார்க்க வேண்டியதாயிற்று. ஒருவர் குலசேகரம் பக்கம் மலைச்சரிவில், இன்னொருவன் கடலில். பட்ஜெட் ஏறக்குறைய ஒன்றுதான். தேடித் தேடி கடைசியில் சாம்சங் கேலக்ஸி ஏ35 5ஜி, ஒன்பிளஸ் நார்ட் சிஇ4 5ஜி இரண்டில் வந்து நின்றேன். ஏ35 2024 மார்ச்சில் வந்தது, சிஇ4 அடுத்த மாதமே வந்தது. சித்தி மகனிடம் முதலாவது இருந்தது, என்னோடு வேலை பார்க்கிறவரிடம் இரண்டாவது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் கையில் வாங்கி வைத்துக்கொண்டு பார்த்தேன்.

முதலில் தண்ணீர். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் உண்டு, அதனால் வேறு ஊர்க்காரர்கள் கடைசியில் பார்க்கிற இந்த விஷயத்தை நாம் முதலில் பார்த்துத்தான் ஆக வேண்டும். ஏ35-க்கு ஐபி67, சிஇ4-க்கு ஐபி54. ஐபி என்பது போன் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் தர எண், இதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 67 என்றால் தூசி உள்ளேயே போகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். 54 என்றால் தூசி ஓரளவுக்குத் தடுக்கப்படும், எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும், ஆனால் முங்கினால் பொறுப்பில்லை. சாறலுக்கு இரண்டும் போதும். வாளியில் விழுந்தால் ஒன்றுதான் மிஞ்சும்.

இங்கேதான் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. அந்த ஒரு மீட்டர், அரை மணி நேரக் கணக்கெல்லாம் சோதனைக்கூடத்தில் நல்ல தண்ணீரில் வைத்துப் பார்த்தது. கடற்கரையிலும் நீச்சல் குளத்திலும் பயன்படுத்த வேண்டாம் என்று சாம்சங் நிறுவனமே சொல்கிறது. உப்புத் தண்ணீர் போனுக்குள் புகுவதற்கு முன்பே சார்ஜ் போடும் வாயில் வேலையைக் காட்டிவிடும். கூட்டுக்காரனின் பழைய போனை வாங்கி அந்த வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் நாக்கு மாதிரி நிற்கும் அந்தச் சின்னப் பட்டையின் இரண்டு ஓரத்திலும் பச்சை பூத்திருந்தது, செம்புக் குடத்தில் களிம்பு ஏறுமே அதே பச்சை. வயரை ஒரு பக்கம் சாய்த்து அழுத்திப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறும். கடலில் அது விழவே இல்லை என்றான், வெறும் உப்புக்காற்றும் ஈரக்கையும் செய்த வேலை.

அப்படியென்றால் ஐபி67 யாருக்கு உதவும்? கடலுக்குப் போகிறவனுக்குத்தான் என்று நானும் முதலில் நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் மலைப்பக்கம் இருக்கும் அப்பாவுக்குத்தான் அது அப்படியே பொருந்துகிறது. அவர் மேல் விழுவது மழைத்தண்ணீர். போன் விழ வாய்ப்புள்ள இடங்கள் கிணற்றடி, வாய்க்கால், பால் உறைய வைக்கும் டிஷ். கடைசியில் சொன்னது சும்மா இல்லை, பழைய போன் ஒன்றின் ஸ்பீக்கர் ஓட்டையில் ரப்பர் பால் காய்ந்து ஒட்டியிருந்ததை ஊசியால் நூல் மாதிரி உரித்து எடுத்திருக்கிறேன். ஆசிட் கலந்த பாலுக்கு எந்த ஐபி எண்ணும் உத்தரவாதம் தராது, ஆனால் உடனே பைப்படியில் காட்டிக் கழுவிவிடலாம் என்ற தைரியம் ஏ35-இல் இருக்கிறது. ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஐபி எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் தண்ணீர் புகுந்து பழுதானால் வாரண்டியில் பொதுவாகச் சேர்க்க மாட்டார்கள். போன் கீழே விழுந்து விளிம்பு விட்டிருந்தால் அந்தக் காப்பும் முன்பு போல் இருக்காது.

சிஇ4-இல் இன்னொரு விதமான தண்ணீர் வசதி உண்டு, அக்வா டச் என்று பெயர். திரையில் துளிகள் இருந்தாலும், கை ஈரமாக இருந்தாலும் தொடுவதைச் சரியாகப் புரிந்துகொள்ளும். கிணற்றடியில் கையை நனைத்துக்கொண்டு பத்து இலக்க நம்பர் ஒன்றை அடித்துப் பார்த்தேன், ஒரு எண்கூடப் பிசகவில்லை. கூட்டுக்காரனுக்கு நாள் முழுக்க ஈரக்கைதான், ஏலத்தில் நிற்கும்போது கையைத் துடைக்கத் துணி தேடிக்கொண்டிருக்க முடியாது. அவனுக்கு ஐபி67-ஐ விட இதுதான் பெரிது என்று அப்போதே தோன்றிவிட்டது. அதோடு அவன் போனை எப்போதும் பிளாஸ்டிக் உறையில் போட்டுத்தான் படகில் கொண்டுபோவான், எந்தப் போன் வாங்கினாலும் அந்த உறை போகப்போவதில்லை.

விரல்ரேகை விஷயத்தில் இரண்டிலும் திரைக்குள்ளேயே சென்சார். அப்பாவுக்கு இது சிக்கல். முப்பது வருஷம் பால்வெட்டுக் கத்தி பிடித்த கட்டைவிரலில் ரேகையே பாதிதான் இருக்கிறது, ரேஷன் கடையிலும் இதே கதை. ஒரே விரலை இரண்டு முறை வேறு வேறு கோணத்தில் பதிந்து வைத்தால் ஓரளவு எடுக்கிறது. கடைசியில் அவர் பின் நம்பருக்குத்தான் வருவார் என்பது எனக்குத் தெரியும்.

சார்ஜ் விஷயத்தில் சிஇ4 எங்கேயோ போய்விடுகிறது. 5500 எம்ஏஎச் பேட்டரி, 100 வாட் சார்ஜர், அதுவும் பெட்டியிலேயே கிடைக்கிறது. முழுவதும் ஏற அரை மணி நேரம் கூட ஆகாது, 29 நிமிடம் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஏ35-இல் 5000 எம்ஏஎச், 25 வாட், சார்ஜரைத் தனியாக வாங்க வேண்டும், முழுதாக ஏற ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். காற்றடித்து ரப்பர் கிளை லைனில் விழுந்தால் எங்கள் பக்கம் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. வந்த அரை மணி நேரத்துக்குள் மறுபடி போகும். அந்த மாதிரி நாட்களில் 100 வாட்டின் அருமை தெரியும், இதைச் சிறுமைப்படுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வேகம் அவர்களுடைய சார்ஜர், அவர்களுடைய வயர் இரண்டும் சேர்ந்தால்தான் வரும். படகிலோ வண்டியிலோ சாதாரண சார்ஜரில் போட்டால் மெதுவாகத்தான் ஏறும். கூட்டுக்காரனிடம் இதைச் சொன்னபோது, "கரைக்கு வந்து சாயா குடிக்கிற நேரத்துல ஏறுனா போதும்" என்றான்.

அப்புறம் ஆயுள். நான் அதிகம் யோசித்தது இதைத்தான். ஏ35-க்கு நான்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள், ஐந்து வருஷம் பாதுகாப்பு அப்டேட். சிஇ4-க்கு இரண்டு பதிப்புகள், மூன்று வருஷம். இரண்டுமே ஆண்ட்ராய்டு 14-இல் தொடங்குகின்றன. கணக்குப் போட்டால் ஒன்று 2029 வரை, மற்றது 2027 வரை. அப்டேட் நின்றதும் போன் செத்துவிடாது, ஓடும். ஆனால் அப்பா ரப்பர் ஷீட் விற்ற பணத்தை இப்போது போனில்தான் வாங்குகிறார், பேங்க் கணக்கு அதில்தான் இருக்கிறது. பாதுகாப்பு நின்றுபோன போனில் அதை வைத்திருக்க எனக்கு மனசு வராது. நாமாக எடுத்துக் கொடுக்கும்வரை அவர் போனை மாற்றுகிற ஆளும் இல்லை. கூட்டுக்காரன் அப்படி இல்லை, உப்புக்காற்றில் ஒரு போன் மூன்று வருஷம் நின்றாலே பெரிய விஷயம், அவனுக்கு ஐந்தாவது வருஷ அப்டேட்டை விற்று என்ன பயன்?

வேகம் என்று பார்த்தால் தயக்கமே இல்லாமல் சிஇ4. ஸ்னாப்டிராகன் 7 ஜென் 3 சிப், ஏ35-இல் உள்ள எக்ஸினோஸ் 1380-ஐ விட நன்றாகவே முன்னால் நிற்கிறது. வீட்டில் கேம் விளையாடுகிற பையன் இருந்தால் இதற்கு மேல் படிக்கவே வேண்டாம், சிஇ4 வாங்கிவிடுங்கள். வாட்ஸ்அப், யூடியூப், பேங்க், அக்காவோடு வீடியோ கால் என்று இருப்பவருக்கு இந்த வித்தியாசம் கையில் தெரியாது. (அக்கா துபாயில், அங்கே வாட்ஸ்அப் கால் ஓடாது, போட்டிம் என்ற ஆப்தான்.)

கேமராவுக்காக அன்று சாயங்காலம் கன்னியாகுமரிக்கே போனேன். இரண்டிலும் பின்னால் 50 மெகாபிக்சல், கை நடுங்கினாலும் படம் ஆடாமல் இருக்க ஓஐஎஸ், கூடவே அகலமாக எடுக்க 8 மெகாபிக்சல். தூரத்தை இழுத்து எடுக்கத் தனி லென்ஸ் இரண்டிலும் கிடையாது. கரையில் நின்று 133 அடி வள்ளுவர் சிலையை இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுத்தேன், அறம் பொருள் இன்பம் என்று தூக்கிய மூன்று விரலும் இரண்டிலும் தனித்தனியாகத் தெரிகிறது. ஏ35-இல் வானம் கொஞ்சம் கூடுதல் சிவப்பு, சிஇ4-இல் கண்ணுக்குத் தெரிந்ததற்குச் சற்று நெருக்கம். இதை வைத்து முடிவெடுக்க ஒன்றுமில்லை. முன் கேமராவில் 4கே வீடியோ வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் ஏ35.

கையில் பிடிக்கும்போது வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. ஏ35 209 கிராம், சிஇ4 186 கிராம். ஏ35-இன் பின்பக்கம் கண்ணாடி, பார்க்க அழகு, பாறையில் விழுந்தால் இரண்டு பக்கமும் உடையும். சிஇ4-க்குப் பின்னால் பிளாஸ்டிக். படகுத் தளத்தில் விழுந்து எழுகிற போனுக்குப் பிளாஸ்டிக்தான் நல்லது என்பது என் கட்சி.

விலையில், 8 ஜிபி ராம், 256 ஜிபி இடம் உள்ள மாடலை எடுத்துக்கொண்டால் வெளிவந்தபோது சிஇ4 26,999 ரூபாய், ஏ35 33,999. 128 ஜிபி மாடல்கள் 24,999-ம் 30,999-ம். கடைக்குக் கடை இப்போது மாறுகிறது, மார்த்தாண்டத்தில் ஒரு விலை, நாகர்கோவிலில் ஒரு விலை. இரண்டிலும் மெமரி கார்டு போடலாம், ஆனால் இரண்டாவது சிம் போடும் இடத்தில்தான். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு சிம்மை நம்பி இருக்க முடியாமல் பிஎஸ்என்எல் ஒன்றும் வேறொன்றும் வைத்திருப்பவர்கள் கார்டை மறந்துவிட வேண்டியதுதான். அவர்கள் 256-ஆகவே எடுத்துவிடுவது நல்லது.

அப்பாவுக்கு ஏ35, 128 ஜிபி எடுத்தேன். அவருக்கு ஒரு சிம்தான், கார்டு போட்டுக்கொள்ளலாம். 25 வாட் சார்ஜருக்குத் தனியாகப் பணம் கொடுத்தது உறுத்தத்தான் செய்தது, பின்கண்ணாடிக்கு ரப்பர் கவர் ஒன்றும் வாங்கினேன். கூட்டுக்காரனுக்கு சிஇ4, 256 ஜிபி சொல்லியிருக்கிறேன், மிச்சமாகும் ஏழாயிரத்தில் நல்ல உறை ஒன்றும், சார்ஜ் வாயை அடைக்க ரப்பர் மூடியும் வாங்கச் சொன்னேன். கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் போனைத் துடைக்க வேண்டும், வாய் காயும் வரை வயரைச் சொருகக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறேன். சரி சரி என்றான். அடுத்த முறை குளச்சல் போகும்போது முதல் வேலையாக டார்ச் அடித்துப் பார்ப்பேன்.