தாண்டிக்குடிக்கு மேலே தாத்தா வீடு: நாலு வார லீவில் எழும்பிய சுவர்

சிங்கப்பூரில் கிளம்பும்போது கணக்கு சுலபமாக இருந்தது. டிசம்பர் நடுவில் மதுரையில் இறங்குவது, கொடைக்கானல் மலையில் தாண்டிக்குடிக்கு மேலே தாத்தாவின் காபித் தோட்டத்து வீட்டில் இடிந்து கிடந்த பாதியை எடுத்துக் கட்டி இரண்டு தங்கும் அறையாக்குவது, பொங்கல் கொண்டாடிவிட்டுத் திரும்புவது. திரும்பும்போது சுவர் நின்றது, கூரை இல்லை. இதே நினைப்போடு ஊருக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதால் எங்கே வேலை ஓடியது, எங்கே படுத்தது என்று எழுதி வைக்கிறேன்.

வீடு, ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதையில் இருக்கிறது. தாத்தா காலத்தில் கீழே பட்டிவீரன்பட்டியிலிருந்து காபியும் மிளகும் விலை பேச ஏறி வருகிறவர்கள், இருட்டிவிட்டால் அங்கேதான் படுப்பார்கள். அதற்கென்றே ஒரு திண்ணையும் ஒரு நீள அறையும். யாரிடமும் காசு வாங்கியதில்லை. "இனிமே வாங்கிக்கலாம்டா, ஆனா திண்ணையில கை வைக்கக் கூடாது" என்றார் பெரியப்பா மகன். அண்ணன் சொன்ன அந்த ஒரு வரிதான் எங்கள் பிளான், இஞ்சினியர் வரைந்தது அப்புறம்.

காகித வேலையில் பாதி நான் பயந்த அளவுக்கு இல்லை. வில்லங்கச் சான்றும் பட்டா நகலும் சிங்கப்பூர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்தே எடுத்துவிட்டேன். எனக்குப் பதில் கையெழுத்துப் போட அண்ணன் பெயருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி இந்தியத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். வெளிநாட்டில் எழுதிய பவர் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும், இதை மறந்துவிடாதீர்கள். அண்ணன் அதைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டார், ரொம்பப் பத்திரமாக. எண்பதாவது நாளில்தான் ஞாபகம் வந்து ஓடினார். பக்கத்துத் தோட்டக்காரர் பாதைக்காக அரை ஏக்கர் தருகிறேன் என்றார். நம்மைப் போல வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு விவசாய நிலமும் தோட்ட நிலமும் வாரிசாக வரலாம், விலை கொடுத்து வாங்க முடியாது. அதனால் அது அண்ணன் பெயரில்தான் வரும்.

மலைப்பகுதி என்பதால் கட்டட அனுமதி பஞ்சாயத்தோடு முடியவில்லை. வனத்துறை, வேளாண் பொறியியல், கனிமவளம் என்று தடையின்மைச் சான்றுகள் கேட்டார்கள். அண்ணன் ஒரு வருடம் அலைந்திருக்கிறார். ஒரு அலுவலகத்தில் ஃபைல் நாலு மாதம் ஒரே மேசையில் கிடந்ததாம், கேட்டால் ஆள் மாறிவிட்டார் என்ற பதில். தாலுகா ஆபீஸ் கொடைக்கானலில் இருக்கிறது, அதற்கு நான் மதுரையிலிருந்து வாடகைக் காரில் போனேன். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம். வெளிநாட்டு நம்பர் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் கொடுத்துப் பதியலாம். காசு இல்லை, ஐந்து நிமிட வேலை. வழியில் நிறுத்திப் பார்த்துவிட்டு விட்டார்கள். பாஸ் வாங்க ஐந்து நிமிடம், அதை வைத்துக்கொண்டு போய்ப் பார்க்க வேண்டிய ஆளுக்காக மூணு மணி நேரம்.

சரி, கட்டுமானத்துக்கு வருகிறேன். சிமெண்ட், எம்சாண்ட், கம்பி எல்லாம் வத்தலக்குண்டிலிருந்து லாரியில் சொன்ன நாளில் வந்து இறங்கின. ஜீப் நிற்கிற இடத்திலிருந்து மேலே எல்லாம் குதிரைதான். தோட்டங்களில் காபி மூட்டை இறக்குகிற அதே மட்டக் குதிரைகள். ஒரு குதிரைக்கு இரண்டு மூட்டை சிமெண்ட், பக்கத்துக்கு ஒன்று. குதிரைக்காரர் கயிறு போடுவதைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். ஒரு பக்க மூட்டையைத் தோளால் முட்டுக்கொடுத்துக்கொண்டே மறுபக்கத்தைக் கட்டுவார், பிறகு இரண்டு கையாலும் சேணத்தை ஆட்டிப் பார்ப்பார், ஒரு விரற்கடை சாய்ந்தாலும் அவிழ்த்து மறுபடி கட்டுவார். "சாய்ஞ்சா முதுகு புண்ணாயிரும் தம்பி, புண்ணானா பத்து நாள் உங்க வேல நின்னுரும்." மணலைச் சிப்பம் கட்டித்தான் ஏற்ற வேண்டும், கம்பியை ஆள்தான் தூக்க வேண்டும். நாலு குதிரை, ஒரு நாளைக்கு நாலு நடை. மழை தூறினால் பாதை வழுக்கும், அன்று நடையே கிடையாது.

நான் செய்த பெரிய முட்டாள்தனம் டிசம்பரில் போனது. அது காபி பழம் பறிக்கிற காலம். ஊரில் சித்தாள் கிடைக்க மாட்டார்கள், குதிரையும் பாதி நாள் பழமூட்டைக்குப் போய்விடும். கீழேயிருந்து வந்த இரண்டு கொத்தனார்கள் கரண்டியோடு காத்திருக்க, கலவை போடவும் கல் எடுக்கவும் நானும் அண்ணன் மகனும். மூணாவது நாள் என் உள்ளங்கை இரண்டும் கொப்பளம். பெரிய கொத்தனார் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர் கையி, பாவம்" என்று சட்டியைப் பிடுங்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றுகிற வேலைக்கு மாற்றினார். புதுச் சுவருக்குத் தண்ணீர் காட்டுவதுதான் கடைசிவரை எனக்குக் கொடுத்த பதவி.

கூரை வேலை தடைப்பட்டதற்குக் காரணம் ஒரு மரம். சரிந்த பகுதிக்கு நடுவே ஒரு பலா வளர்ந்துவிட்டது. நம் பட்டா நிலம்தானே, வெட்டி உத்திரத்துக்குப் போடலாம் என்றேன். மலைப்பகுதி மரப் பாதுகாப்புக்கென்று 1955-லேயே ஒரு சட்டம் இருக்கிறது. பட்டா நிலத்து மரம் என்றாலும் மாவட்டக் குழு அனுமதி வேண்டும். அதற்கு இன்னொரு ஃபைல். அண்ணன் கும்பிடு போட்டுவிட்டார். இஞ்சினியர் அறையை மூன்றடி நகர்த்தி வரைந்தார், போட்ட அஸ்திவாரத்தில் ஒரு பக்கம் வீண். இப்போது பலா முற்றத்தில் நிற்கிறது, கூலி கொடுக்காமல் நிழல் தருகிறது.

பணம் கொடுப்பதில் பிரச்சினையே வரவில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இந்திய வங்கியில் வைத்துக்கொள்ளும் என்ஆர்ஓ கணக்கு என்னிடம் இருக்கிறது, அதில் சிங்கப்பூர் நம்பரோடே யூபிஐ ஓடியது. ஒரே சிக்கல், வீட்டில் சிக்னல் கிடையாது. சாயங்காலம் நானும் குதிரைக்காரரும் மேலே வட்டப் பாறை வரைக்கும் ஏறுவோம், அங்கே நின்று அனுப்புவேன், அவர் போனில் சத்தம் கேட்ட பிறகு பீடி பற்றவைத்துக்கொண்டு இறங்குவார்.

கூரை மாசி கடைசியில் ஏறும் என்று அண்ணன் சொல்கிறார். பழைய வீட்டு உத்திரத்தில் ஏழு தேறியிருக்கிறது, எட்டு வேண்டும். நேற்று அதே பாறையிலிருந்து ஒரு படம் அனுப்பினார்: பூசி முடித்த திண்ணையில் சிமெண்ட் சாக்கை விரித்து, குதிரைக்காரர் படுத்துத் தூங்குகிறார்.