அறுந்த நரம்புக்குக் கால் நரம்பா, கொலாஜன் குழாயா?

ராணிப்பேட்டைத் தோல் பட்டறையில் விரல் நரம்பு அறுபட்ட பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டது இது: அறுந்த முனைகளுக்கு நடுவே தன் காலிலிருந்து எடுத்த நரம்பை வைப்பதா, கொலாஜன் என்ற புரதத்தால் ஆன குழாயை வைப்பதா?

இடைவெளி: முனைகளுக்கு நடுவே 3 செ.மீ. தாண்டினால் சொந்தக் கால் நரம்புதான். சின்ன இடைவெளிக்குக் குழாய் போதும்.

செலவு: குழாய்க்குத் தனி விலை. கால் நரம்புக்குக் கூடுதல் அறுவை நேரம்.

சிரமம்: கெண்டைக்காலிலிருந்து நரம்பை எடுத்தால் பாதத்தின் வெளி ஓரம் மரத்துப்போகும். நின்றே வேலை செய்பவர்கள் இதை யோசிக்க வேண்டும். குழாய்க்கு இரண்டாவது வெட்டு இல்லை. பெரும்பாலும் மாட்டுக் கொலாஜன். நம் ஊர்த் தோலில் இருக்கும் அதே புரதம். நரம்புக்கு வழிகாட்டிவிட்டு, மாதக்கணக்கில் மெல்லக் கரைந்துவிடும்.

எதை வைத்தாலும் நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மி.மீ.தான் வளரும், அப்புறம் பயிற்சியும் வேண்டும்.

கையை அசைக்கும் பெரிய நரம்பென்றால் நான் சொந்த நரம்பையே சொல்வேன். தம்பிக்கு 1 செ.மீ.தான், உணர்வு நரம்பு. சரி, குழாயைப் பற்றி மருத்துவரிடம் கேள் என்றேன்.