கொலாரெஸ் ஒயின் கூடம்: எந்த மாதம் போனால் என்ன கிடைக்கும்

போர்ச்சுகல் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சின்ட்ராவின் அரண்மனைகளைப் பார்த்துவிட்டு அன்று மாலையே லிஸ்பனுக்கு ரயில் ஏறிவிடுகிறார்கள். சின்ட்ராவிலிருந்து மேற்கே, மலை இறங்கி அட்லாண்டிக் கரையைத் தொடும் இடத்தில் கொலாரெஸ் இருக்கிறது. 1908-லேயே எல்லை வரையறுத்துச் சட்டப் பாதுகாப்பு கொடுக்கப்பட்ட ஒயின் வட்டாரம் இது. ஒரு காலத்தில் 1,000 எக்டேருக்கு மேல் திராட்சை இருந்தது. கடற்கரை மனைக்கு வில்லா கட்டுகிறவர்கள் கொடுக்கும் விலையோடு திராட்சை போட்டி போட முடியுமா? இன்று மிஞ்சியிருப்பது சில பத்து எக்டேர்தான். அந்த விளைச்சலில் ஒரு பங்கு வந்து சேரும் இடம் அடேகா ரெஜியோனல் டி கொலாரெஸ். 1931-ல் தொடங்கியது; போர்ச்சுகலின் கூட்டுறவு ஒயின் கூடங்களில் இதுவே மூத்தது. கட்டடம் என்னவோ பெரிதுதான், உள்ளே ஆகிற ஒயின்தான் கொஞ்சம்.

எப்போது போகலாம் என்று கேட்டால் எல்லாரும் அறுவடை நேரம் என்பார்கள். எங்கள் ஓட்டு பிப்ரவரிக்கு.

காரணம், இலை உதிர்ந்த பிறகுதான் இந்தத் தோட்டம் எப்படி நிற்கிறது என்பதே கண்ணுக்குத் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தலுக்கு அடியில் நடந்து பழகியவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். கொடி மணலோடு மணலாகப் படர்ந்து கிடக்கும். கவாத்து, களை, பறிப்பு எல்லாமே குனிந்துதான். கடல் காற்று அவ்வளவு மோசம். மேலே ஏற்றிக் கட்டினால் ஒரு பருவம் தாங்காது. காற்றைத் தடுக்கக் காய்ந்த நாணல்களை நெருக்கமாக நட்டுத் தட்டி கட்டியிருப்பார்கள். உப்பும் ஈரமும் சேர்ந்து நாணலை அரித்துவிடுவதால் தட்டிகளை அடிக்கடி மாற்றியாக வேண்டும். குளிர்காலத்தில் போனால் அந்த வேலையைப் பார்க்கலாம். சில இடங்களில் கொடிகளுக்கு நடுவே ஆப்பிள் மரங்களும் உண்டு.

மணலுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களைச் சூறையாடியது. மற்ற இடங்களில் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித்தான் தப்பித்தார்கள். தளர்ந்த மணலில் அந்தப் பூச்சியால் வழி உண்டாக்கிப் போக முடியாது, தோண்டத் தோண்டச் சரிந்து மூடிக்கொள்ளும். அதனால் இங்கே ஒட்டு இல்லை; கொடி தன் சொந்த வேரில் நிற்கிறது. புதுக் கொடி வேண்டுமென்றால் பக்கத்துக் கொடியை வளைத்து மண்ணுக்குள் பதியம் போட்டாலே போதும்.

ஆனால் மணலில் சத்து கிடையாது. வேர் பிடிப்பது அடியில் இருக்கும் களிமண்ணில். அது சில இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும், சில இடங்களில் அதற்குப் பல மடங்கு கீழே. பள்ளம் வெட்டி, களியில் நட்டு, கொடி வளர வளர மணலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி மூட வேண்டும். கையால் வெட்டிய காலத்தில், பக்கச் சுவர் சரிந்து ஆள் புதைந்துபோகும் ஆபத்து உண்டு. அதற்காகவே வேலையாட்கள் தலையில் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார்கள். மணல் விழுந்தாலும் மூச்சுவிட அந்தக் கூடைக்குள் கொஞ்சம் காற்று இருக்குமே. வட்டாரத்தின் பழைய புகைப்படங்களில் இந்தக் காட்சி உண்டு. இதைத் தெரிந்துகொண்டபின் பாட்டில் விலையைப் பற்றிப் புகார் சொல்ல வாய் வராது.

ஏப்ரலில் துளிர் வந்ததும் தோட்டம் அழகாகத்தான் இருக்கும். மே, ஜூனில் பூக்கும் சமயம்தான் கண்டம். பனிமூட்டமும் தூறலும் சேர்ந்தால் பூ கொட்டிவிடும், அந்த வருட விளைச்சல் பாதியாகவும் போகலாம். ஈரம் இருக்கிற இடத்தில் அடிச்சாம்பல் நோயும் தானாக வரும்.

ஜூலை, ஆகஸ்ட் கூட்டம் சேரும் மாதங்கள். லிஸ்பனில் வெயில் கொளுத்தும் நாளில்கூட இந்தக் கரையில் காலையில் மூடுபனி இறங்கி ஸ்வெட்டர் கேட்கும். மணல் மட்டும் மதியத்தில் சுடும். தரையில் கிடக்கும் குலை வெந்துவிடாமல் இருக்க, ஒரு சாணோ அதற்குச் சற்று மேலோ உயரமுள்ள நாணல் துண்டுகளை முட்டுக் கொடுத்துக் கொடியை நிமிர்த்துவார்கள். ஒவ்வொரு கொடிக்கும் எத்தனையோ முட்டு, எல்லாம் கைவேலை. கோடையில் போகிறவர்கள் வேறெதைத் தவறவிட்டாலும் இதைப் பார்த்துவிட வேண்டும்.

அறுவடை பெரும்பாலும் செப்டம்பரில். வெள்ளைக்கான மல்வாசியா முதலில், சிவப்புக்கான ரமிஸ்கோ பிறகு. ரமிஸ்கோ தாமதமாகப் பழுக்கும் ரகம், மழை முந்திக்கொண்டால் அழுகல். அந்த வாரங்களில் கூடத்தில் இருப்பவர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்காது, இருக்கவும் கூடாது. படம் எடுக்க நல்ல நேரம். சுவைத்துப் பார்க்க அல்ல. புளித்து நுரைக்கும் தொட்டிகளின் வாடை மூக்கை அடைத்துவிடும், கோப்பையில் இருப்பதன் வாசம் பிடிபடாது.

இனி ஒயின். கூடத்தின் இரண்டு பெயர்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அரேனே என்று போட்டிருப்பது மணல் நிலத்துப் பழம், 500 மில்லி பாட்டிலில் வரும். ஷாவ் ரீஜு என்றிருப்பது மணல் இல்லாத கெட்டி நிலத்துப் பழம். விலை மிகக் குறைவு, அன்றாடச் சாப்பாட்டுக்குச் சரி. கொலாரெஸ் என்ற பெயரைத் தாங்க, சிவப்பில் பெரும்பகுதி ரமிஸ்கோ இருந்தாக வேண்டும். ஒன்றரை வருடம் மரத்திலும் ஆறு மாதம் பாட்டிலிலும் கிடந்த பிறகே விற்கலாம்.

ரமிஸ்கோவின் மணி சிறியது, தோல் தடிப்பு. சாறு கொஞ்சம், துவர்ப்பு நிறைய. கடல் குளிர்ச்சியால் புளிப்பும் குறையாது. ஆல்கஹால் 12 சதவீதத்தை ஒட்டித்தான். நிறம் வெளிறியே இருக்கும். பழச்சாறு மாதிரி வழவழவென்று எதிர்பார்த்து வாங்குகிறவர்கள் முதல் மிடறிலேயே முகம் சுளிப்பார்கள். இளம் பாட்டிலை அன்றிரவே திறப்பது வீண். பத்து வருடம் தாண்டினால்தான் துவர்ப்பு அடங்கி, காய்ந்த செர்ரி, ஈர மண், கொஞ்சம் அயோடின் வாசம் என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து நேராக ஊற்றினால் துவர்ப்பு கசப்பாகிவிடும், 16 டிகிரி அளவில் குடிக்கவும். பழைய பாட்டிலில் வண்டல் தங்கியிருக்கும். ஒரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு மெதுவாக ஜாடிக்கு வடிக்க வேண்டும். பழையது வாங்கும்போது கழுத்தில் ஒயின் மட்டத்தைப் பாருங்கள். தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம், எவ்வளவு பேரம் பேசினாலும் வேண்டாம்.

உடனே குடிக்க வேண்டுமென்றால் மல்வாசியா. மெழுகும் எலுமிச்சைத் தோலும் கலந்த வாசம், கடைசியில் நாக்கில் மெல்லிய உப்பு. பக்கத்துக் கடலோர ஊரான அசேன்யாஸ் டோ மாரில் பாறை ஓரத்துக் கடலுணவோடு இதைவிடப் பொருத்தம் வேறில்லை. சிவப்புக்கு ஆட்டிறைச்சி. மீனோடு குடித்தால் வாயில் இரும்புச் சுவை தட்டும்.

கூடத்துக்குள் பிரமாண்ட மர பீப்பாய்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கவே ஒரு முறை போகலாம். குளிர்காலத்தில் கூட்டம் இல்லாதபோது கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் கிடைக்கும். எந்த மாதமானாலும் முன்கூட்டி எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். தோட்டம் பார்க்க வேண்டுமென்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தோட்டங்கள் கூடத்தை ஒட்டி இல்லை. நேரம் மிச்சமிருந்தால் அல்மோசஜெமே ஊரில் 1808-ல் தொடங்கிய வியுவா கோமெஸ் என்ற ஒயின் கூடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டின் ரமிஸ்கோவையும் அடுத்தடுத்து குடித்தால்தான் எது மண்ணின் குணம், எது செய்கிறவரின் கைப்பக்குவம் என்று பிரியும்.

லிஸ்பன் ரோசியோ நிலையத்திலிருந்து சின்ட்ராவுக்கு ரயிலில் சுமார் 40 நிமிடம். அங்கிருந்து பிரையா டாஸ் மசாஸ் கடற்கரை வரை போகும் பழைய டிராம், 1904-லிருந்து ஓடுவது, கொலாரெஸ் வழியாகத்தான் போகிறது. பன்சாவ் நிறுத்தத்தில் இறங்கினால் கூடம் பக்கம். டிராம் எல்லா நாளும் ஓடாது, குளிர்காலத்தில் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம், பேருந்துதான் கதி. வாடகைக் கார் எடுப்பவர்களுக்கு: ரத்தத்தில் ஆல்கஹால் லிட்டருக்கு 0.5 கிராம் என்பதே அங்கே வரம்பு, உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்களுக்கு 0.2. இந்தியா திரும்புகிறவர்களுக்குத் தீர்வையில்லாமல் 2 லிட்டர் வரை அனுமதி. 500 மில்லி என்பதால் நான்கு பாட்டில் கணக்காக அடங்கும், மூன்று சிவப்பும் ஒரு வெள்ளையுமாக.