பழைய ஹோண்டா சிட்டி கார் வைத்திருப்பவர்கள் படியுங்கள்: வண்டியில் இல்லாத பெல்ட்டுக்கு 9,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

எங்கள் வண்டி 2010 ஹோண்டா சிட்டி, பெட்ரோல். 2017-ல் கோபியில் தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டாவது ஆளாக வாங்கினேன். அப்போது 62,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது, இப்போது 1,38,000 தாண்டிவிட்டது. அம்மாவை ஆஸ்பத்திரி கூட்டிப்போக, கல்யாணம் காதுகுத்துக்கு, பண்ணாரிக்கு, சென்னிமலைக்கு என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வண்டிதான். 2025 மார்ச்சில் 15 வருடம் முடிந்ததால் கோபி ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியைக் காட்டி எஃப்.சி. எடுத்து, ஆர்.சி.யை இன்னும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்தேன். 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் இப்போது 5,000. அதோடு பசுமை வரி, இரண்டு டயர், பெயின்ட் டச்சப். இவ்வளவு செலவு செய்தாயிற்று, இனி ஐந்து வருடம் நிம்மதியாக ஓட்டலாம் என்று இருந்தேன்.

மே மாதம் தாளவாடியில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பினோம். பண்ணாரி தாண்டித் திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். முன்னால் இரண்டு லாரி, பின்னால் ஒரு பஸ், இரண்டாவது கியருக்கு மேல் போக வழியே இல்லை, நல்ல வெயில், ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டோ பத்தொன்பதோ வளைவு இருக்கும், டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிந்தது. இந்த மாடல் சிட்டியில் சூடு காட்டும் முள் கிடையாது என்பதைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கு, நடுவில் எந்த எச்சரிக்கையும் இல்லை. அதனால் சிவப்பைப் பார்த்தால் அடுத்த வளைவு வரைக்கும் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். நான் உடனே ஓரம் கட்டி அணைத்துவிட்டேன், ரேடியேட்டர் மூடியைத் தொடவில்லை. அந்த ஒன்றைத்தான் அன்றைக்குச் சரியாகச் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. 71 வயது அம்மா அந்த வெயிலில் ரோட்டோரக் கட்டைச் சுவரில் ஒன்றேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

ரெக்கவரி வண்டிக்காரர்தான் அந்த ஒர்க்‌ஷாப்பைச் சொன்னார். பெயரை இங்கே எழுதவில்லை. பெரிய ஷெட், நாலு லிஃப்ட், நிறைய வண்டிகள் நின்றன, பார்த்தால் நம்பிக்கை வரும். அங்கே இருந்தவர் பானெட்டைத் திறந்து இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏனுங்கண்ணா, ஹெட் கேஸ்கெட் போயிருச்சுங்க. ஹெட்டைக் கழட்டி ஃபேஸிங் போடணும். இப்பத்தான் எஃப்.சி. எடுத்திருக்கறீங்க, இன்னும் அஞ்சு வருசம் ஓட்டணும், அப்படியே டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்ப்பும் மாத்திருங்க" என்றார்.

எந்தச் சோதனையும் செய்யவில்லை. ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, ஃபேஸிங் என்பது ஹெட்டின் அடிப்பரப்பை லேத்தில் சமமாக்குவது. கேஸ்கெட் போயிருந்தால் அதற்கு அடையாளங்கள் உண்டு என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி வெளுத்துப் படிந்திருக்கலாம், சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரலாம், ரேடியேட்டர் தண்ணீரில் குமிழி வந்துகொண்டே இருக்கலாம். சந்தேகம் என்றால் கம்ப்ரெஷன் பார்ப்பார்கள். நீல மருந்துள்ள ஒரு குழாயை ரேடியேட்டர் வாயில் வைத்து, இன்ஜின் புகை கூலண்டில் (இன்ஜினை ஆற்றும் திரவம்) கலக்கிறதா என்று பார்க்கும் சோதனையும் இருக்கிறது, புகை இருந்தால் நீலம் மஞ்சளாக மாறிவிடும். இதெல்லாம் செய்தபிறகுதான் ஹெட்டில் கை வைக்க வேண்டும். நான் ஒன்றும் கேட்கவில்லை. டைமிங் பெல்ட் என்றதும் சரி என்று தலையாட்டியதற்குக் காரணம், இதற்கு முன் எங்களிடம் இருந்தது மாருதி எஸ்டீம். அதில் இன்ஜின் வால்வுகளைச் சரியான நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் இந்த பெல்ட் உண்டு, காலத்துக்கு மாற்றித்தான் ஆக வேண்டும், மாற்றியும் இருக்கிறேன். எல்லாக் காருக்கும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியை 23 நாள் வைத்திருந்தார்கள். போன் செய்தால் ஒரு நாள் "லேத்துல இருக்குதுங்க", அடுத்த நாள் "கேஸ்கெட் கோயமுத்தூர்ல இருந்து வரணுமுங்க". கடைசியில் 52,400 ரூபாய். மஞ்சள் விற்று வைத்திருந்த பணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். 30,000 ஜிபேயில், அதுவும் ஒரு தனி ஆளின் நம்பருக்கு, மீதி கையில். பில் என்று கொடுத்தது ஒரு வெள்ளைத் தாள், கையால் எழுதியது. ஒர்க்‌ஷாப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை. பழைய பார்ட்ஸ் எங்கே என்று கேட்டதற்கு "குப்பைக்குப் போயிருச்சுங்க" என்றார்கள். வண்டி கிடைத்தால் போதும் என்ற நிலைமையில் நானும் பேசாமல் வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒரு சாயங்காலம் ஈரோடு பன்னீர்செல்வம் பார்க் பக்கம் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது மறுபடியும் அதே சிவப்பு விளக்கு.

கொஞ்ச நேரம் ஆற வைத்துவிட்டு, ஏசியை அணைத்து, கவுந்தப்பாடியில் மாமா பையனுக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக்கிடம் ஓட்டிப் போனேன். ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் போகும்போது விளக்கு எரியவே இல்லை. அதைச் சொன்னதும் அவர் முதலில் கேட்டது, "ஃபேன் ஓடுதுங்களா?" என்றுதான். வேகமாகப் போனால் எதிர்க்காற்றே ரேடியேட்டரை ஆற்றிவிடும், மெதுவாக ஊர்ந்தாலும் மலை ஏறினாலும் ஃபேன்தான் ஆற்ற வேண்டும். இந்த வண்டியில் ரேடியேட்டருக்கு ஒன்று, ஏசிக்கு ஒன்று என்று இரண்டு ஃபேன். ஏசி போட்டால் இரண்டும் சுற்ற வேண்டும். எங்களுடையதில் ஒன்றுதான் சுற்றியது. பேட்டரியில் இருந்து நேராக வயர் கொடுத்தும் ரேடியேட்டர் ஃபேன் அசையவில்லை, ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டாரை இரண்டு தட்டுத் தட்டியதும் கொஞ்சம் சுற்றி நின்றுபோனது. மோட்டார் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது, அவ்வளவுதான். திம்பத்தில் எங்களை நிறுத்தியதும் இதுதான்.

பில்லைக் காட்டினேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "இந்த வண்டியில டைமிங் பெல்ட்டே இல்லீங்களே. செயினுங்க. ஆயில் ஒழுங்கா மாத்திட்டு வந்தா அதுபாட்டுக்கு ஓடும்" என்றார். டார்ச் அடித்துக் காட்டினார். ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்றால் முன்னால் செயின் கவரையும் கழற்றி, திரும்பப் புதுசாக சீலன்ட் வைத்துத்தான் மூட முடியும். அந்த இணைப்பு முழுக்கப் பழைய சீலன்ட், அதன்மேல் வருடக்கணக்கான ஆயிலும் மண்ணும் அப்பிக் கிடந்தது. ஹெட்டை யாரும் தொடவே இல்லை. வாட்டர் பம்ப்பும் பழையதுதான், கண்ணுக்குத் தெரிகிற இடத்திலேயே துருவோடு இருந்தது. புதிதாக இருந்தவை ஆயில், ஆயில் ஃபில்டர், வெளியே ஓடும் ஃபேன் பெல்ட் (பேர்தான் அப்படி, ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றுவது மோட்டார்தான்), இந்த மூன்றுதான்.

எனக்கு இதைவிடக் கோபம் வந்தது கூலண்ட் விஷயத்தில். பில்லில் கூலண்ட் என்று 2,200 ரூபாய். ஹோண்டா கம்பெனிக் கூலண்ட் நீல நிறம். ரேடியேட்டரில் இருந்து வடிந்தது கலங்கலான வெறும் தண்ணீர். போர் தண்ணீர்தான். நம் பக்கம் போர் தண்ணீர் எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை, காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் உப்பு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். இரண்டு வருடம் அப்படியே விட்டிருந்தால் நல்ல ரேடியேட்டரும் அடைத்து, உண்மையிலேயே ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். காசு வாங்கியது ஒரு பக்கம், வண்டியைக் கெடுத்தும் அனுப்பியிருக்கிறார்கள்.

புது ஃபேன் மோட்டார், ரேடியேட்டர் ஃபிளஷ், சரியான கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்து 7,100 ரூபாய். மோட்டார் வந்த அட்டைப் பெட்டியையும் பழைய மோட்டாரையும் கேட்காமலேயே டிக்கியில் வைத்துக் கொடுத்தார். அதன்பிறகு இரண்டு தடவை திம்பம் ஏறி இறங்கியாயிற்று, சிவப்பு விளக்கு எரியவில்லை.

பில்லோடு அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதலில் "ஃபேன் பெல்ட்டைத்தான் டைமிங் பெல்ட்னு எழுதிட்டாங்கண்ணா" என்றார்கள். ஃபேன் பெல்ட்டுக்கு 9,500 ரூபாயா, ஹெட் ஃபேஸிங் என்று வாங்கியது எதற்கு என்று கேட்டதும் பேச்சு மாறியது. "இந்தத் தாள்ல எங்க பேரே இல்லீங்களே" என்றார் அந்த ஆள், முகத்தைப் பார்த்துக்கொண்டே. பெயர் இல்லாத தாளில் ஏன் எழுதினார்கள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அதனால் கேட்டுக்கொள்கிறேன், எஸ்டிமேட்டையும் பில்லையும் கடைப் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் போட்டு வாங்குங்கள், இல்லை என்றால் வேலையே வேண்டாம். வண்டியை விடும்போதே பழைய பார்ட்ஸ் வேண்டும் என்று வாட்ஸப்பில் எழுதி அனுப்புங்கள். உங்கள் இன்ஜினில் பெல்ட்டா செயினா என்று இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் மெயின்டெனன்ஸ் அட்டவணையைப் பார்த்தால் தெரிந்துவிடும். மாதம் ஒரு தடவை பானெட்டைத் திறந்து, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு, ஏசி போட்டு இரண்டு ஃபேனும் சுற்றுகிறதா என்று பாருங்கள், காசு செலவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும், இந்த வயது சிட்டிகளில் டகாட்டா என்ற கம்பெனி செய்த ஏர்பேக்கில் குறை இருந்ததால், அதை மாற்றித் தர வண்டிகளைத் திரும்ப அழைக்கும் ரீகால் வந்திருக்கிறது. சேசிஸ் எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் உங்கள் வண்டி அதில் வருகிறதா என்று காட்டும், வந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிந்திருக்கிறேன். அடுத்தது ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கையில் ஜிபே ரசீது, வாட்ஸப் பேச்சு, ரெக்கவரி வண்டிக்குக் கொடுத்த பில், சீலன்டும் வாட்டர் பம்ப்பும் தெரிகிற போட்டோக்கள் இருக்கின்றன. கூப்பிட்டால் வந்து சொல்கிறேன் என்று கவுந்தப்பாடி மெக்கானிக் அண்ணனும் சொல்லியிருக்கிறார். போனது போகட்டும் என்கிறாள் மனைவி. அம்மாதான், "உடாத கண்ணு, அது மஞ்ச வித்த காசு" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.