காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு: படத்துக்கு ப்ராப்பர்ட்டி (செட்டில் வைக்கும் சாமான்கள்) வாங்கப் போகிறவர்களுக்கு

சினிமாவில் ஆர்ட் டிபார்ட்மென்டில் பதினோரு வருஷமாக அசிஸ்டென்டாக இருக்கிறேன். சமீபத்தில் ஒரு படத்துக்காக, 1964-ல் நடக்கிற தேவகோட்டை வீடு ஒன்றைத் தயார் செய்தோம். முகப்பு, அடுக்களை, கணக்குப்பிள்ளை உட்காரும் திண்ணை. சாமான்களில் முக்கால்வாசி காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கியவை. நாலு நாள் அந்தத் தெருவிலேயே கிடந்தேன்.

'சென்னையிலேயே வாடகைக்கு எடுத்தா என்ன?' என்று புரொடக்‌ஷனில் கேட்டார்கள். வாடகைக்கு வரும் கறுப்பு டெலிபோனையும் கிராமபோனையும் ஜனங்கள் எத்தனையோ படங்களில் பார்த்துவிட்டார்கள். அதைவிட முக்கியம், ஒரு வீட்டில் புழங்கிய தடம் அவற்றில் இருக்காது. பழைய சாமானைக் கொண்டுவந்து அடுக்குவதல்ல கலை இயக்கம். அந்த வீட்டு ஆச்சி அடுப்புக்கு எந்தப் பக்கம் நிற்பார், தண்ணீர் மொள்ளும் பாத்திரம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறதா, வசதி குறைந்த பிறகு வீட்டில் எதையெல்லாம் விற்றிருப்பார்கள் என்று சீன் சீனாக யோசித்து எழுதிக்கொண்டுதான் கடைக்குப் போகிறோம்.

செட்டிநாட்டு வீடுகள் பாகம் பிரிந்தும் இடிபட்டும் வெளியே வரும் பொருள்கள்தான் இந்தத் தெருவில் குவிந்திருக்கின்றன. பர்மா தேக்குத் தூண்கள், நிலைக்கதவுகள், ரவிவர்மா படங்கள், மரவைகள் என்கிற மரப் பாத்திரங்கள், ஊறுகாய் ஜாடிகள். எனாமல் தூக்குகளைக் கவிழ்த்துப் பார்த்தால் ஸ்வீடன், செக்கோஸ்லோவாகியா முத்திரை இருக்கும். நேரம் இருந்தால் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள்.

கடைக்காரர்களுக்கு விஷயம் தெரியும். ஒரு தகரப் போர்டை நான் ஆசையாக எடுத்தபோது கடைக்கார அண்ணன் கேட்டார்:

"தம்பி, படம் எந்த வருசத்துல நடக்குது?"

"அறுபத்திநாலுண்ணே."

"அப்ப அத வைங்க. அட்ரஸுல பின்கோடு இருக்கு பாருங்க."

பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டில். நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்தார். விற்றால் போதும் என்று அவர் பேசாமல் இருந்திருக்கலாம்.

அதே கடையில்தான் அந்தப் பித்தளைச் சொம்பு கிடைத்தது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: அண்ணாமலை. 'ணா' பழைய சுழி எழுத்து, 'லை' தும்பிக்கை வைத்த எழுத்து. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன்னால் பெரும்பாலோர் எழுதியது அப்படித்தான். எங்கள் பெயின்டர் தம்பிக்கு இருபத்திரண்டு வயசு. சொம்பை மடியில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு எழுத்தையும் தாள் நிறைய எழுதிப் பழகினான். படத்தில் வருகிற பேரேட்டு அட்டை, மளிகைக் கடைப் போர்டு எல்லாம் அந்தக் கையெழுத்துத்தான். சொம்பின் அடியில் ஒரு நசுங்கல் இருந்தது. தரையில் வைத்தால் இரண்டு தரம் ஆடி நிற்கும். ஆச்சியாக நடித்த அம்மா அதைக் கீழே வைத்தபோது அந்தச் சத்தம் டேக்கில் விழுந்தது. டைரக்டர் அந்த டேக்கையே ஓகே செய்தார்.

எல்லாக் கடையும் அப்படி இல்லை. வேறொரு கடையில் ஊசல் கடிகாரம் ஒன்று வாங்கினேன். மரச்சட்டம் பழசுதான். உள்ளே டயல் தாள் மட்டும் கம்ப்யூட்டரில் அச்சடித்தது என்று குளோசப் வைத்தபோதுதான் தெரிந்தது, அச்சுப் புள்ளிகள் மானிட்டரில் அப்படியே தெரிந்தன. ஷாட்டை மாற்ற வேண்டியதாகிவிட்டது. இன்னும் அது மனசில் உறுத்துகிறது, ஏனென்றால் பின்பக்கத்தைத் திருப்பி ஸ்க்ரூவைப் பார்த்திருந்தால் போதும். பழைய கடிகாரத்தில் ஸ்டார் ஸ்க்ரூ (தலையில் கூட்டல் குறி வெட்டியது) இருந்தால் யாரோ பிற்பாடு திறந்திருக்கலாம்.

பில் விஷயத்தையும் முதலிலேயே பேசிவிடுங்கள். நான் போன கடைகளில் பாதிக்குமேல் துண்டுச்சீட்டில்தான் எழுதிக் கொடுத்தார்கள். கம்பெனி கணக்கில் அது செல்லாது. ஜிஎஸ்டி பில் தருகிற கடைகளும் இருக்கின்றன, விலை கொஞ்சம் கூடும். வாடகைக்கு அநேகமாகக் கொடுப்பதில்லை. படம் முடிந்து திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று வாங்கும்போதே கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எழும்பூரில் பிற்பகல் பல்லவன் ரயிலில் ஏறினால் ராத்திரி காரைக்குடி. காலையில் கடை திறந்ததும் போய்விடுங்கள், உள்ளறைகளில் வெளிச்சம் குறைவு, டார்ச் அவசியம். கிளம்புமுன் ஒவ்வொரு பொருளையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து, எந்த சீனுக்கு என்று சீட்டு எழுதிக் கட்டிவிடுங்கள். ஜாடிகளை லாரியில் ஏற்றும்போது உள்ளேயும் வைக்கோல் திணிக்கச் சொல்லுங்கள். எங்களுக்குப் பதினாலில் ஒன்றுகூட விரிசல் விடாமல் வந்து சேர்ந்தது.