கொல்லிமலைச் சாலையில் ஐந்து ஆண்டுகள்: ஒரு பழைய டீசல் பிக்கப்பின் கணக்கு

2020 அக்டோபரில், ஆறு ஆண்டுகள் ஓடியிருந்த டீசல் பிக்கப் ஒன்றை 3,40,000 ரூபாய்க்கு வாங்கினேன். கொல்லிமலையின் சோளக்காடு சந்தையில் அன்னாசி, பலா, வாழைத்தார் எடுத்து நாமக்கல்லிலும் சேலத்திலும் விற்பது என் தொழில். வாங்கிய அன்று மீட்டரில் 1,38,000 கிலோமீட்டர் இருந்தது; இப்போது 2,44,000 இருக்கிறது. வண்டியைத் தயாரித்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எனக்கு நேர்ந்த செலவுகளில் முக்கால்வாசி, வண்டியை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதில் என்ன ஏற்றினார் என்பதிலிருந்து வந்தது. அது புரிய எனக்கு ஓராண்டு பிடித்தது.

அந்த ஆண்டு ஏப்ரலில்தான் புதிய வண்டிகள் அனைத்துக்கும் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டுத் தரம் கட்டாயமாகியிருந்தது. புதியது வாங்கக் கையில் பணமில்லை என்பது ஒரு காரணம், பழைய பி.எஸ்.3 வண்டியின் டீசல் பம்பு நாசிலை நாமக்கல்லில் எந்தப் பட்டறையிலும் பிரித்து மாட்டுவார்கள் என்பது இன்னொரு காரணம். லாரிகளை நம்பிப் பிழைக்கும் ஊர் எங்களுடையது; இரும்பில் உள்ள எந்தப் பழுதுக்கும் இரண்டு தெருவுக்குள் ஆள் கிடைப்பார். என் மச்சான் காமன் ரயில் பம்பு (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் டீசலைப் பாய்ச்சுவது) உள்ள பி.எஸ்.4 வண்டி வைத்திருக்கிறார். ஏற்றத்தில் அது என்னுடையதைவிட நன்றாக இழுக்கிறது, புகையும் குறைவு. ஆனால் ஒரு சென்சார் கோளாறால் அடிவாரத்தில் வேகமெடுக்காமல் முடங்கியபோது, கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்காமல் யாராலும் காரணம் சொல்ல முடியவில்லை.

முதல்முறை பார்க்கப் போன மாலையில், பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்காரர் அதை ஏற்கெனவே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார். சூடான டீசல் இன்ஜின் எதையும் மறைத்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்ததால், மறுநாள் காலை ஆறு மணிக்குச் சொல்லாமல் போய், பானட்டைத் தொட்டுப் பார்த்து, அது குளிர்ந்திருப்பது உறுதியான பிறகே ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. லேசான வெள்ளைப்புகை ஒரு நிமிடத்தில் அடங்கியது. ஆயில் எரிவதைக் காட்டும் நீலப்புகை வரவில்லை. ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின்மேல் கவிழ்த்து வைத்தேன். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் போரும் தேய்ந்திருந்தால், அவற்றைத் தாண்டிக் கசிந்து வரும் அழுத்தம் (பேக் கம்ப்ரஷன்) அந்த மூடியைத் துள்ளவைக்கும். சில வண்டிகளில் தூக்கியே எறிந்துவிடும். இதில் மூடி சற்று நடுங்கியதோடு சரி. ரேடியேட்டரில் குமிழி வரவில்லை. டர்போவின் குழாயைக் கழற்றி, தண்டை விரலால் ஆட்டிப் பார்த்ததில் ஆட்டமும் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் இன்ஜினையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

என்னோடு வந்த மேஸ்திரி முப்பது ஆண்டு அனுபவமுள்ளவர். அவர் ஒரே ஒரு முறைதான் வாய் திறந்தார்: "தம்பி, இன்ஜின் போதுங்க, ஒரு சாக்கை விரிச்சு அடியில படுத்துப் பாருங்க." முந்தைய இரவு மழை பெய்து தரை சேறாக இருந்தது. நான் குனிந்து பார்த்ததோடு நிறுத்திக்கொண்டேன். இந்த அனுபவத்தில் நான் சம்பாதித்த இழப்பில் பெரும்பகுதி அந்த ஒரு சாக்கின் விலை.

குனிந்து பார்த்த அளவிலும் இரண்டு சாட்சிகள் கண்ணில் பட்டன, படிக்கத்தான் தெரியவில்லை. பின்பக்கப் பட்டைக் கட்டில் (பாரம் தாங்கும் வில்பட்டைகளின் அடுக்கு), கம்பெனி கொடுத்த எண்ணிக்கைக்கு மேல் ஒரு பட்டை சேர்க்கப்பட்டிருந்தது. விற்றவர் அதைச் சிறப்பம்சம்போலச் சொன்னார். நானும் நல்லதுதானே என்று எண்ணிக்கொண்டேன். சரக்குத் தொட்டியின் மூலைகளில் சிமெண்ட் உறைந்து கல்லாகியிருந்ததைக் கட்டட வேலைக்கு எப்போதோ போயிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஏறத்தாழ 1,250 கிலோ ஏற்ற வேண்டிய வண்டியில் கூடுதல் பட்டை போடுகிறவர் அதற்கு மேல் ஏற்றுவதற்காகத்தான் போடுகிறார். பட்டை தாங்கிவிடும், ஆனால் அந்தப் பாரம் பட்டையோடு நிற்காமல் ஹேங்கர் (பட்டையைப் பிடித்திருக்கும் தாங்கி), சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), ஆக்ஸில், பிரேக் என்று எல்லாவற்றின் மேலும் போய் இறங்கும். பிற்பாடு விசாரித்ததில், அந்த வண்டி நான்கு ஆண்டுகள் ஹாலோபிளாக் கல் ஏற்றியது தெரியவந்தது. கிளட்ச் பெடலின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்ததைப் பார்த்தபோதே 1,38,000 என்ற மீட்டர் கணக்கிலும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஏழாவது மாதத்தில் பின்பக்க டயர் ஒன்று உள்ளோரமாக மட்டும் தேய ஆரம்பித்தது. அலைன்மெண்ட் பார்த்தும் சரியாகவில்லை. பட்டறையில் தூக்கி, தார்ப்பூச்சைச் சுரண்டிப் பார்த்தபோது, இடப்பக்கப் பட்டையின் முன் ஹேங்கருக்கு மேலே சேசிஸில் விரல் நீளத்துக்கு வெடிப்பு இருந்தது. அதன் மேல் பழைய வெல்டிங் ஒன்றும் இருந்தது. பெயின்ட் அடித்து மறைத்திருந்தார்கள். வெடிப்பின் நுனியைக் கண்டுபிடித்து, அங்கே சிறு துளை போட்டு, அதன் பிறகே தட்டு வைத்து இறுக்க வேண்டும் என்று மேஸ்திரி விளக்கினார். துளை போடாமல் மேலே வெல்டிங் மட்டும் வைத்தால், வெடிப்பு வெல்டிங்கின் ஓரத்தில் மறுபடி கிளம்பி ஓடும். முன்பு நடந்திருந்தது அதுதான். 18,500 ரூபாய் ஆயிற்று, ஒன்பது நாள் வண்டி நின்றது. கூடவே கூடுதல் பட்டையை எடுத்துவிட்டு, பட்டையை மாட்டும் பின்னையும் (pin) புஷ்ஷையும் புதிதாகப் போட்டுப் பட்டைக் கட்டை முறைப்படி அமைத்ததில் இன்னொரு 14,000.

அதைவிட என்னை உலுக்கியது பிரேக். காரவள்ளியிலிருந்து மேலே ஏறும் கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கும். எங்கள் தொழிலில் காலி வண்டியாக ஏறி, பாரத்தோடு இறங்குகிறோம். ஆகவே இன்ஜினைவிடப் பிரேக்குக்குத்தான் வேலை அதிகம். 2021 ஜூனில் பலாப்பழ லோடோடு இரண்டாவது கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். நாற்பதாவது வளைவைத் தாண்டும்போது பிரேக் லைனிங் கருகும் வாசனை வந்தது. முப்பத்தாறில் மிதித்தபோது பெடல் பஞ்சைப்போல உள்ளே போயிற்று. மூன்று முறை அடித்து மிதித்து, முதல் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து, மலைப்பக்கத்து ஓரத்தில் ஒரு பாறையில் சக்கரத்தை முட்டி நிறுத்தினேன். பின்சக்கர டிரம்மின் மேல் தண்ணீர் தெளித்தால் வெடித்துவிடும் என்று தெரிந்திருந்ததால், முக்கால் மணி நேரம் காத்திருந்து, தானாக ஆறிய பிறகு இறங்கினேன். கீழே வந்து பிரித்துப் பார்த்ததில் லைனிங் பாதிதான் தேய்ந்திருந்தது. குற்றவாளி பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் சேரச் சேரக் கொதிநிலை இறங்கும்; சூட்டில் உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகிவிட்டால், நாம் மிதிக்கிற அழுத்தம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே போய்விடும். பாட்டிலிலிருந்து நான் எடுத்துப் பார்த்த ஆயில் டீத்தூள் தண்ணீரைப்போலக் கறுத்திருந்தது. எத்தனை ஆண்டு பழையதோ, தெரியாது. இப்போது ஆண்டுக்கு ஒரு முறை, தேவைப்பட்டாலும் படாவிட்டாலும், முழுவதையும் மாற்றிவிடுகிறேன்.

அன்று முதல் ஒரு நோட்டில் கணக்கு எழுத ஆரம்பித்தேன். அதற்கு முந்தைய எட்டு மாதத்தை ரசீதுகளிலிருந்து எடுத்து நிரப்பினேன். "நம்பகமான வண்டி" என்று பேச்சில் சொல்வது எளிது. என் நோட்டில் அதற்கு இரண்டு பத்திகள் மட்டுமே உண்டு: வழியில் நின்றது, பட்டறையில் நின்றது. ஐந்து ஆண்டுகளில் இந்த வண்டி வழியில் நின்றது ஐந்து முறை. பட்டறையில் நின்றது 41 நாள். பிரேக் நிகழ்ச்சியைச் சொல்லிவிட்டேன். இரண்டு முறை டேங்கின் துரு டீசல் பில்டரை அடைத்து, டீசல் குழாயில் காற்று புகுந்து ஏர் லாக் ஆனது; டேங்கை இறக்கிக் கழுவிய பிறகு வரவில்லை. ஒரு முறை சேந்தமங்கலம் அருகே, பின்சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் ஜாயிண்ட் கிராஸ் உடைந்தது. ஒரு முறை பேன் பெல்ட் அறுந்தது. அது என் சோம்பேறித்தனம். பட்டறை நாட்கள் 41இல் 26 முதல் ஆண்டிலேயே கழிந்துவிட்டன.

இந்த ஐந்தில் ஒன்றுகூட இன்ஜினின் உட்பகுதியால் நேர்ந்ததில்லை. 1,90,000 கிலோமீட்டரில் நாசில் சர்வீஸ் செய்தேன், இரண்டு முறை வால்வு கிளியரன்ஸ் வைத்தேன். 3,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஆயில் குடிக்கிறது, இந்த வயதுக்கு அது குற்றமில்லை. மலையேறி முடித்ததும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு, டர்போ ஆறிய பிறகே அணைக்கிறேன். மைலேஜ் மலையும் சமவெளியும் கலந்து லிட்டருக்கு 11.5.

செலவைச் சொன்னால், டயர், ஆயில், எஃப்.சி. (தகுதிச் சான்று) நீங்கலாக, முதல் ஆண்டில் மட்டும் 62,000 ரூபாய். அடுத்த நான்கு ஆண்டுகளிலும் சேர்த்து 1,04,000. கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய்க்குச் சற்று மேலே வருகிறது. முதல் ஆண்டுச் செலவை வாங்கிய விலையோடு சேர்த்துப் பார்த்தால், நான் வாங்கியது நான்கு லட்ச ரூபாய் வண்டி. அடியில் படுத்துப் பார்த்திருந்தால் அந்த வெடிப்பைக் காட்டியே விலையில் முப்பதாயிரமாவது குறைத்திருப்பேன், அல்லது விட்டுவிட்டு வந்திருப்பேன்.

காகித வேலையில் மட்டும் நான் ஏமாறவில்லை. ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் இருந்ததால், கடன் தீர்ந்ததைக் காட்ட அவர்கள் கையெழுத்திட்ட படிவம் 35உம் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லைச் சான்று) கைக்கு வந்த பிறகே மீதிப்பணத்தைக் கொடுத்தேன். பெயர் மாறியதும் 14 நாட்களுக்குள் இன்சூரன்ஸையும் மாற்றக் கேட்டு எழுதினேன். இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் விபத்து நடந்த பிறகுதான் வருந்துகிறார்கள். மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியை எல்.எம்.வி. (இலகுரக வாகன) உரிமத்துடன் ஓட்டலாம் என்று 2017இல் வந்த தீர்ப்பை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் உறுதிசெய்திருப்பதால், அந்தக் கவலையும் தீர்ந்தது. வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இருந்த எஃப்.சி., என் வண்டிக்கு 2022 ஆகஸ்ட் முதல் ஆண்டுதோறும் ஆகிவிட்டது. அதற்கு முன்பான டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் வெளியழகுதான். ஆனால் அதையே காரணமாக வைத்து ஆண்டுக்கு ஒரு முறை சேசிஸைக் கழுவி, தட்டு வைத்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிடுகிறேன். இதுவரை வெடிப்பு நகரவில்லை.

இப்போது மூன்றாவது கியரில், பாரம் இருக்கும்போது மட்டும், ஒரு மெல்லிய இரைச்சல் கேட்கிறது. காலி வண்டியில் கேட்பதில்லை. பேரிங்காக இருக்கலாம் என்கிறார் மேஸ்திரி. கியர் ஆயிலை வடித்துப் பார்த்ததில், பிளக்கின் காந்தத்தில் மாவுபோன்ற துகள் ஒட்டியிருந்தது, செதில் இல்லை. அடுத்த பலாப்பழ சீசன் தொடங்குவதற்கு முன்பு, மார்ச்சில் கியர் பெட்டியை இறக்கிவிடலாம் என்று நாள் குறித்திருக்கிறோம்.