வேர்ட்பிரஸ் 4.9-இலிருந்து இன்றைய பதிப்புக்கு: ஒரு பழைய தளத்தோடு என் அனுபவம்

நான் பராமரிக்கும் தளங்களில் ஒன்று ஆண்டுக்கணக்கில் இணையதளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளின் 4.9 பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருந்தது. அடியில், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஹெச்பி 5.6. "நல்லாத்தானே ஓடுது, எதுக்கு அதுல கை வைக்கணும்?" என்று வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். நியாயமான கேள்விதான். பக்கம் திறக்கிறது, படிவம் நிரப்பினால் மெயில் போகிறது. ஆனால் பிஹெச்பி 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பரோடு நின்றுவிட்டன. அது தளத்தின் முகப்பில் தெரிவதில்லை, அதனால்தான் புரியவைப்பது அவ்வளவு கடினம். பழைய பிஹெச்பியை நிறுத்தப்போவதாக ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்து மெயில் வந்த பிறகே சரி என்றார்.

வேர்ட்பிரஸின் மையப்பகுதி பெரிதாகத் தொல்லை கொடுக்கவில்லை, இதை மனதாரச் சொல்கிறேன். வழிதான் கொஞ்சம் சுற்று. வேர்ட்பிரஸ் 6.3 முதல் பிஹெச்பி 7.0-ஆவது வேண்டும், பிஹெச்பி 5.6-ல் இருந்துகொண்டு வேர்ட்பிரஸ் 6.2 வரைதான் போக முடியும். 4.9 வந்த காலத்தில் பிஹெச்பி 8-ஏ கிடையாது. அதனால் ஸ்டேஜிங் நகலில் (சோதித்துப் பார்க்க வைத்த தனிப் பிரதி) முதலில் வேர்ட்பிரஸ் 6.2, பிறகு பிஹெச்பி 7.4, அப்புறம் புதிய வேர்ட்பிரஸ், கடைசியாக பிஹெச்பி 8 என்று ஏறினேன். ஒவ்வொரு படிக்கு முன்பும் டேட்டாபேஸோடு முழு பேக்கப். இப்படிப் போனால் ஏதாவது உடையும்போது எதனால் உடைந்தது என்று உடனே தெரிந்துவிடும்.

நேரத்தைத் தின்றது தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம்தான். முன்பு வேலை செய்தவர் சைல்டு தீம் (மாற்றங்களை மட்டும் தனியே வைக்கும் துணைத் தீம்) வைக்காமல் மூல தீமின் கோப்புகளிலேயே திருத்தியிருந்தார். அப்டேட் பட்டனை அழுத்தினால் அத்தனையும் அழிந்துபோகும். அதே பதிப்பின் திருத்தாத பிரதியைத் தேடிப்பிடித்து, இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, அவர் மாற்றியதை மட்டும் பிரித்தெடுத்து சைல்டு தீமுக்குக் கொண்டுபோனேன். எதற்காக மாற்றினார் என்று ஓர் இடத்திலும் குறிப்பு இல்லை. சில வரிகளை எடுத்துப் பார்த்து, எது உடைகிறது என்று கவனித்துத்தான் காரணம் புரிந்தது.

பிஹெச்பி 8-க்கு மாற்றியதும் தளம் மொத்தமாகப் படுத்துவிட்டது. பிழைகள் பதிவாகும் டீபக் லாக்கைத் திறந்தால், விட்ஜெட்டைப் (பக்கத்தின் ஓரத்தில் வைக்கும் சிறு பகுதி) பதிவுசெய்யும் வரியில் 'கிரியேட் ஃபங்ஷன்' என்ற பழைய பிஹெச்பி ஃபங்ஷன். அந்தக் காலத்து தீம்கள் பலவற்றில் இதே வரி இருக்கும், பிஹெச்பி 8.0-ல் அந்த ஃபங்ஷனையே நீக்கிவிட்டார்கள். பெயரில்லா ஃபங்ஷனாக மாற்றியதும் சரியாகிவிட்டது. ஆனால் ஒன்றைத் திருத்தினால் அடுத்த பிழை தலைகாட்டும், எல்லாம் ஒரே நேரத்தில் தெரியாது.

லாக்கில் வராத கோளாறுதான் மோசம். வேர்ட்பிரஸ் 5.6-ல் ஜேக்வெரி (பக்கத்தின் அசைவுகளுக்குப் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு) 3.5.1 வந்தது, பழைய ஸ்லைடர் நம்பியிருந்த 'லைவ்' என்ற ஃபங்ஷன் அதில் இல்லை. பக்கம் அழகாகத் திறக்கும், படம் மட்டும் நகராது. மொபைல் மெனுவும் அப்படியே. ஒவ்வொரு பக்கத்தையும் கையால் தட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. இந்த நேரத்தையும் சேர்த்தே வாடிக்கையாளரிடம் மதிப்பீடு கொடுக்க வேண்டும்.

தளத்தில் எழுதுபவர்களுக்கு 2018-ல் வேர்ட்பிரஸ் 5.0-வோடு வந்த, பதிவைத் துண்டு துண்டாக அமைக்கும் பிளாக் எடிட்டர் பிடிபடவில்லை. பழைய எழுதும் திரையைத் திரும்பத் தரும் கிளாசிக் எடிட்டர் பிளகினைப் (கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்) போட்டுக் கொடுத்தேன், இன்றும் அதில்தான் எழுதுகிறார்கள். முன்பதிவு பிளகினை எழுதியவர் அதைக் கைவிட்டு நாளாகிறது. என் திருத்தங்களில் ஓடுகிறது, ஆனாலும் அதை மாற்றியே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.